ஓடும்போது வாட்ச் 174 காட்டுகிறது, மூச்சு வாங்கவே இல்லை: எதை நம்புவது?

மெல்லோட்டம்

வணக்கம். நான்கு மாதமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம், இங்கே கொட்டிவிடுகிறேன்.

எனக்கு 43 வயது. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். மெதுவான ஓட்டம்தான். கூட ஓடும் நண்பரோடு வேலைக் கதை, பிள்ளைகள் கதை எல்லாம் பேசிக்கொண்டே போவேன், அந்த வேகம். ஆனால் கையில் கட்டிய வாட்ச் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 172, 174 என்று காட்டுகிறது. 220-இல் வயதைக் கழித்தால் வருவதுதான் துடிப்பின் உச்சம் என்பார்கள், எனக்கு அது 177. அப்படியானால் உச்சத்துக்கு மூன்றே துடிப்பு கீழே நின்றுகொண்டு சாவகாசமாகக் கதை பேசுகிறேன் என்று கணக்கு வருகிறது.

பயந்துபோய் வேகத்தைக் குறைத்தேன். எண் இறங்கவில்லை. பாதி ஓட்டம், பாதி நடை என்று மாற்றினேன். நடக்கும்போது 115, ஓடத் தொடங்கியதும் மறுபடி 170-க்கு மேல். இப்போது என் ஓட்டமே சுருங்கிப் போய்விட்டது. இரவில் படுத்தபடி நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

நேற்றைய கிராஃப் இப்படி இருக்கிறது. முதல் 4 நிமிடம் 110-இலிருந்து 130 வரை மெல்ல ஏறுகிறது. 5ஆவது நிமிடத்தில் ஒரே தாவல், 172. அப்புறம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் கடைசி வரை 171, 172, 174. உட்கார்ந்திருக்கும்போது 62 காட்டுகிறது. விரல் வைத்து எண்ணினாலும் 62தான். கோளாறு வாட்சிலா, என் உடம்பிலா?

நாடிக்கணக்கு

அந்த ஓட்டத்தின் கேடன்ஸ் என்ன? நிமிடத்துக்கு எத்தனை அடி வைத்தீர்கள் என்று ஆப்பில் தனி கிராஃப் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதுவரை எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

மெல்லோட்டம்

பார்த்தேன். 172.

நடுவில் ஷூ லேஸ் கட்ட நின்றேன். அந்த இடத்தில் இரண்டு கோடும் சேர்ந்தே விழுகின்றன, சேர்ந்தே ஏறுகின்றன. இத்தனை நாளும் அது என் காலையா எண்ணிக்கொண்டிருந்தது?

நாடிக்கணக்கு

பெரும்பாலும் அதுதான். ஓடுபவர்கள் இதைக் கேடன்ஸ் லாக் என்பார்கள். ஏன் நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தெரிந்துவிட்டால் பயம் பாதி குறையும்.

வாட்சின் அடியில் பச்சை விளக்கு மினுங்குகிறதே, அது தோலுக்குள் ஒளியை அனுப்புகிறது. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். இதயம் ஒருமுறை சுருங்கியதும் மணிக்கட்டுத் தோலின் நுண்குழாய்களில் இரத்தம் ஒரு துளி கூடுகிறது. திரும்பி வரும் ஒளி அந்தக் கணம் ஒரு துளி குறைகிறது. பக்கத்தில் இருக்கும் ஒளி உணரி இந்த ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கிறது. விரலில் ஒளி பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் பதிவு செய்வது பற்றி ஆல்ரிக் ஹெர்ட்ஸ்மேன் 1930-களிலேயே எழுதிவிட்டார். அடிப்படை இன்றும் அதுவே.

சிக்கல் எங்கே என்றால், திரும்பி வரும் ஒளியில் துடிப்பால் மாறுவது மிகச் சிறிய பங்கு. மற்றதெல்லாம் தோலும் திசுவும் சிரை இரத்தமும் திருப்பி அனுப்புவது. நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெரிய பங்கு மாறாமல் நிற்கும், சின்னத் துடிப்பு தெளிவாகத் தெரியும். அதனால்தான் 62 சரியாக வந்தது. ஓடும்போது ஒவ்வோர் அடிக்கும் வாட்ச் ஒரு மயிரிழை நகர்கிறது, அதன் அடியில் இருக்கும் இரத்தமும் குலுங்குகிறது. அந்தக் குலுக்கலுக்கும் ஒரு சீரான தாளம் உண்டு: நிமிடத்துக்கு 172. உங்கள் இதயத்தின் தாளம் 140 என்று வையுங்கள். எது பலமாக இருக்கிறதோ அதை மென்பொருள் பிடித்துக்கொள்கிறது.

அசைவை அளக்கும் சென்சாரும் வாட்சுக்குள் இருக்கிறது. அடியின் தாளத்தை அதிலிருந்து தெரிந்துகொண்டு கழித்துவிடப் பார்க்கும். நிறைய நேரம் அது பலிக்கவும் செய்யும். வாட்ச் தளர்ந்திருந்தால், கை குளிர்ந்து தோலில் இரத்த ஓட்டம் குறைந்திருந்தால், துடிப்பின் அடையாளம் மெலிந்துவிடும். அப்போது கழிக்க வேண்டியதை வைத்துக்கொண்டு, வைத்துக்கொள்ள வேண்டியதைக் கழித்துவிடும். இன்னொரு சங்கடம், வேகமாக ஓடும் நாளில் இதயமே உண்மையில் 170-ஐத் தொடும். இரண்டு தாளமும் ஒன்றாகிவிட்டால் எது எது என்று பிரிக்க வாட்சுக்கு வழியே இல்லை.

நாளைக்கு ஒரு சோதனை செய்யுங்கள். ஓட்டத்தின் நடுவில் 172 என்று காட்டும்போது சட்டென்று நின்று, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு விரலை லேசாக வைத்து 15 நொடி எண்ணுங்கள். 43 வந்தால் வாட்ச் சொல்வது சரி. 35 வந்தால் உங்கள் துடிப்பு 140. ஒரு துடிப்பு தவறவிட்டால் நான்கு வித்தியாசம் வரும், அது பரவாயில்லை. நாம் தேடுவது முப்பது வித்தியாசம்.

பளுமேடை

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. கெட்டில்பெல் சுழற்றும்போது நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, சட்டை நனைந்து ஒட்டுகிறது, வாட்ச் 96 என்கிறது. செட் முடித்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது 140 காட்டுகிறது. ஆறு மாதம் "இன்று உழைப்பு போதவில்லை" என்ற ஆப்பின் பேச்சைக் கேட்டு செட்டுகளைக் கூட்டிக்கொண்டே போனேன். தோள்பட்டையில் வலி வந்த பிறகுதான் நிறுத்தினேன். அந்த எண்ணை நம்பி உடம்பு சொன்னதைக் கேட்காமல் விட்டது இன்றும் வருத்தமாக இருக்கிறது.

நாடிக்கணக்கு

பளு தூக்குவதுதான் மணிக்கட்டு வாட்சுக்கு மிகக் கடினமான இடம். இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசைகளும் தசைநாண்களும் புடைத்து வாட்சைத் தோலிலிருந்து தூக்கிவிடும். மணிக்கட்டு மடங்கினால் அடியில் இடைவெளி விழுந்து வெளி ஒளி உள்ளே வரும். சுருங்கிய தசை இரத்தக் குழாய்களை நெருக்கும். புஷ்-அப்பும் இப்படித்தான், டிரெட்மில் கைப்பிடியை அழுத்திப் பிடிப்பதும் இப்படித்தான்.

இதோடு தாமதமும் சேர்கிறது. வாட்ச் ஒவ்வொரு துடிப்பையும் அப்படியே காட்டுவதில்லை. சில நொடிகளின் அளவைச் சேர்த்துச் சமன்செய்துதான் ஓர் எண்ணைத் தருகிறது. 30 நொடி செட் என்றால், எண் மேலே வந்து சேரும்போது நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். இதயமும் உடனே உச்சத்துக்குப் போவதில்லை என்பது வேறு. இரண்டு தாமதமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்.

இருசக்கரம்

சைக்கிளில் என் அனுபவம்: வீட்டுக்குள் நிற்கும் சைக்கிளில் மிதித்தால் வாட்சும், நெஞ்சில் கட்டித் துடிப்பை எண்ணும் மார்புப் பட்டையும் கிட்டத்தட்ட ஒரே கோடு. கை அசையாதே. அதே வாட்சைக் கட்டிக்கொண்டு சரளைக்கல் பாதையில் போனால் கோடு பல் பல்லாக உடைகிறது. நடுவில் ஏழு நிமிடம் எண்ணே இல்லை. ஹேண்டில்பாரின் அதிர்வு கை வழியாக ஏறுகிறது, பிரேக் பிடிக்கும்போது மணிக்கட்டு மடங்குகிறது. ஆக வாட்ச் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் அர்த்தமில்லை என்றே நினைக்கிறேன். எந்த உடற்பயிற்சியில் என்று கேட்க வேண்டும்.

நெடுந்தூரம்

இவ்வளவு படித்தபின் கேட்கிறேன், அப்படியானால் இதற்குக் காசு கொடுப்பதே வீண்தானே? இன்னொன்றும் உண்டு. என் நிறம் நல்ல கறுப்பு. கறுத்த தோலில் பச்சை விளக்கு வேலை செய்யாது என்று ஜிம்மில் ஒருவர் அடித்துச் சொன்னார். உண்மையா?

நாடிக்கணக்கு

வீண் இல்லை. அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கிளீவ்லாந்து கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 50 பேரை டிரெட்மில்லில் ஏற்றி, இசிஜியோடு ஒப்பிட்டு, 2016-இல் வெளியிட்டார்கள். 1 என்றால் இசிஜியோடு முழுப் பொருத்தம். மார்புப் பட்டை 0.99 பெற்றது. அன்றைய நான்கு மணிக்கட்டுக் கருவிகள் 0.83-இலிருந்து 0.91 வரை பெற்றன. 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் 60 பேர், ஏழு கருவிகள். ஆறு கருவிகளில் துடிப்பின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. ஆனால் அதே கருவிகள் காட்டிய கலோரிக் கணக்கில் மிக நல்லதே 27 சதவீதம் தவறு, மிக மோசமானது 93 சதவீதம். கலோரி எண்ணைப் பார்த்துச் சாப்பாட்டைத் தீர்மானிக்கும் நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள், தயவுசெய்து.

அந்தக் கருவிகள் எல்லாம் பழையவை, சென்சாரும் மென்பொருளும் அதற்குப் பின் மாறியிருக்கின்றன. மார்புப் பட்டைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ள வரிசை மாறியதாக நான் பார்க்கவில்லை.

தோல் நிறம் பற்றி. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியைக் கூடுதலாக விழுங்கும், அதில் சந்தேகமில்லை. ஆகவே திரும்பி வரும் ஒளி குறையும். விளக்கின் பிரகாசத்தைக் கூட்டி வாட்ச் இதை ஈடுகட்டப் பார்க்கும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கறுத்த தோலில் பிழை அதிகமாக வந்தது. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தார் எல்லா நிறத்தவரும் சம அளவில் இருக்கும்படி 53 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது, நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் கிடைக்கவில்லை. அதே ஆய்வில், ஓய்வில் இருப்பதைவிட அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியது. ஆகவே "வேலை செய்யாது" என்பது தவறு. உங்கள் கையில், உங்கள் ஓட்டத்தில் எப்படி என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பச்சை குத்தியிருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். மை ஒளியை நேராகவே தடுத்துவிடும்.

மழைநாள்

எல்லோரும் வாட்ச் தப்பு, வாட்ச் தப்பு என்று சொல்வதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு ஒரு நாள் ஓட்டம் முடிந்து படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாட்ச் 188 என்றது. இதே மாதிரி இழைகளை நிறையப் படித்திருந்ததால் சென்சார் குளறுபடி என்று கையை உதறினேன். 188. கழற்றி வலது கையில் கட்டினேன். 190. ஒரு காலில் ஷூ, மறு காலில் வெறும் சாக்ஸ், அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அப்போதுதான் தொண்டைக்குழியில் ஏதோ படபடப்பதைக் கவனித்தேன். கழுத்தில் விரல் வைத்தால் எண்ணவே முடியவில்லை, அவ்வளவு வேகம். பத்து நிமிடம் கழித்து, விளக்கை அணைத்ததுபோல் ஒரே கணத்தில் 104-க்கு இறங்கியது.

மருத்துவரிடம் போனேன். அடுத்த முறை அந்தப் படபடப்பு வந்தபோது இசிஜியில் பதிவாகியது. இதயத்தின் மேலறைப் பக்கம் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடும் ஒரு கோளாறு, சிகிச்சை உண்டு என்றார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். அன்றைக்கு அந்த எண்ணைப் பொய் என்று தள்ளியிருந்தால் இன்னும் எத்தனை நாள் தெரியாமல் இருந்திருப்பேனோ.

இரவுப்பணி

மழைநாள், இதை எழுதியதற்கு நன்றி அக்கா. நான் இதயப் பிரிவில் நர்ஸ். நீங்கள் அன்று கவனித்த விஷயம்தான் முக்கியம்: கை அசையவில்லை, அடி வைக்கவில்லை, ஆனாலும் எண் மேலேயே நின்றது. குலுக்கலால் வரும் தவறு குலுக்கல் நின்றதும் மறைய வேண்டும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். மார்புப் பட்டை இதயத்தின் மின்னோட்டத்தை எண்ணுகிறது. மணிக்கட்டு வாட்ச் அங்கே வந்து சேரும் இரத்தத்தை எண்ணுகிறது. ஆரோக்கியமான இதயத்தில் இரண்டும் ஒன்றுதான். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் போன்ற ஒழுங்கற்ற துடிப்பில், சில துடிப்புகள் இதயம் நிரம்புவதற்கு முன்பே வந்துவிடும். அந்தத் துடிப்பில் மணிக்கட்டு வரை வரும் அளவுக்கு இரத்தம் தள்ளப்படாது. வார்டில் நாங்கள் ஒருவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தும் இன்னொருவர் மணிக்கட்டில் விரல் வைத்தும் ஒரே நிமிடம் சேர்ந்து எண்ணுவோம். நெஞ்சில் 118, கையில் 96 என்று வந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு எண்ணும் சரி. வித்தியாசமே அங்கே நோயின் அடையாளம். ஆக, உட்கார்ந்திருக்கும்போதும் பட்டையும் வாட்சும் ஒத்துப்போகவில்லை என்றால் அதைக் கருவிச் சண்டையாக நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மெல்லோட்டம் சார், உங்கள் கிராஃப் பயமுறுத்தவில்லை. ஆனாலும் 40 தாண்டியவர், நான்கு மாதம் இந்தக் கவலையோடு ஓடியிருக்கிறீர்கள். ஒருமுறை இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். மயக்கம், நெஞ்சில் பாரம், காரணமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் இழையில் கேட்க வேண்டாம், நேரே மருத்துவமனை.

பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு 220 கழித்தல் வயது பொருந்தவே பொருந்தாது. மாத்திரை துடிப்பை அடக்கி வைக்கும். அவர்கள் "எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது" என்று 6-இலிருந்து 20 வரை தாங்களே மதிப்பிடும் போர்க் அளவைப் பயன்படுத்துவது நல்லது. சுவீடனின் குன்னர் போர்க் உருவாக்கியது, மறுவாழ்வுப் பயிற்சிகளில் நாங்கள் இன்றும் கேட்கும் கேள்வி அதுதான்.

இருசக்கரம்

220 கழித்தல் வயது பற்றி ஒரு வார்த்தை. அது 1971-இல் ஃபாக்ஸும் மற்றவர்களும் எழுதிய கட்டுரையோடு பரவிய தோராயம். 2001-இல் தனாகா குழு 208-இலிருந்து வயதின் 0.7 பங்கைக் கழிக்கச் சொன்னது. 43 வயதுக்கு அது 178 தருகிறது, கிட்டத்தட்ட அதே எண். ஆனால் எந்தச் சூத்திரத்தை எடுத்தாலும் ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு முன்பின் போவது சாதாரணம். வாட்ச் துடிப்பைப் படிபடியாகப் பிரித்துக் காட்டும் ஜோன் 2, ஜோன் 4 எல்லாம் இந்த உச்சத்தை வைத்துத்தான் பிரிக்கப்படுகின்றன. உச்சமும் தோராயம், அளவும் காலின் தாளம் என்றால் "இன்று முழுக்க ஜோன் 5" என்று வருவதில் ஆச்சரியம் என்ன? ஆக்சிஜன் திறன் மதிப்பீடு, ஓய்வு நேர அறிவுரை, பயிற்சிச் சுமை எல்லாமே அந்த ஒரே எண்ணிலிருந்து பிறப்பவை.

மெல்லோட்டம்

நாடிக்கணக்கு சொன்னபடி செய்தேன். 172 காட்டியபோது நின்றேன், எண்ணினேன்: 36. அதாவது 144. மூன்று முறை செய்தேன்: 36, 35, 36. அந்த மூன்றாவது முறை எண்ணி முடித்தபோது கண் கலங்கிவிட்டது.

இசிஜியும் எடுத்தாயிற்று, சீராக இருக்கிறது. மார்புப் பட்டை ஒன்றும் வாங்கிவிட்டேன். ஆனால் முதல் ஓட்டத்தில் ஆரம்ப மூன்று நிமிடம் அதுவும் 205, 90, 211 என்று குதித்தது. அப்புறம் அடங்கி 140-இல் நின்றது. இதுவும் நம்ப முடியாததா?

பளுமேடை

பட்டையைக் காய்ந்தபடி கட்டினீர்களா? உள்பக்கம் கறுப்பாக, கொஞ்சம் சொரசொரப்பாக இரண்டு ரப்பர்ப் பட்டைகள் இருக்கும். அவைதான் மின்முனைகள். தண்ணீர் தொட்டு நனைத்துவிட்டுக் கட்டுங்கள், எச்சில் தொட்டுத் தடவினாலும் போதும். வியர்வை வந்ததும் தானாகச் சரியானது அதனால்தான். காற்றில் படபடக்கும் செயற்கை இழைச் சட்டையும் நிலைமின்சாரத்தால் இப்படிக் குதிக்க வைக்கும். ஓடி முடித்ததும் பட்டையைத் தண்ணீரில் அலசி, டிரான்ஸ்மிட்டரைத் தனியாகக் கழற்றி வையுங்கள். மாட்டியே வைத்தால் ஈரத்தில் அது விழித்தேயிருந்து பேட்டரியைத் தின்னும்.

நான் பளுவுக்கு மேல்கைப் பட்டைக்கு மாறிவிட்டேன். அதுவும் ஒளியால் அளப்பதுதான், ஆனால் மேல்கையில் சதை அதிகம், மடிப்பு இல்லை, வீச்சும் குறைவு. கெட்டில்பெல்லில் 96 காட்டிய இடத்தில் இப்போது 151 காட்டுகிறது.

நெடுந்தூரம்

பட்டை வாங்க இப்போது முடியாது. வாட்சை வைத்தே எதைச் சரிசெய்யலாம்?

நாடிக்கணக்கு

மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அளவு மேலே ஏற்றிக் கட்டுங்கள். கையை உதறினால் நகரக் கூடாது, ஆனால் விரல் மரத்துப்போகும் அளவு இறுக்கவும் வேண்டாம். அதிகம் இறுக்கினால் இரத்த ஓட்டமே குறைந்து அளவு கெடும். ஓட்டம் முடிந்ததும் ஒரு துளை தளர்த்திவிடுங்கள். குளிர்ந்த நாளில் உள்ளேயே ஐந்து பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு வெளியே போங்கள். கண்ணாடியையும் தோலையும் துடைத்து வையுங்கள், வியர்வை உப்பும் கிரீமும் படிந்திருக்கும். சீரான நடை, சீரான நீண்ட ஓட்டம், தூக்கம், ஓய்வுத் துடிப்பு, இவற்றுக்கு வாட்ச் தாராளமாகப் போதும். வேகமாகவும் மெதுவாகவும் மாறிமாறி ஓடும் இன்டர்வெல் நாளில் எண்ணைப் பார்க்கவே வேண்டாம்; மூச்சை வைத்தும் நேரத்தை வைத்தும் ஓடுங்கள்.

மெல்லோட்டம்

இரண்டு வாரம் ஆயிற்று. நனைத்துக் கட்டினால் பட்டை முதல் நிமிடத்திலிருந்தே அடங்கி நிற்கிறது. வாட்சை மேலே ஏற்றிக் கட்டியதில் ஆறு ஓட்டத்தில் நான்கில் அது பட்டையோடு மூன்று நான்கு துடிப்புக்குள் வந்துவிட்டது. மற்ற இரண்டில் மறுபடி 172-ஐப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாளும் காலையில் நல்ல குளிர்.

மேட்டில் முழு மூச்சாக ஏறியபோது பட்டையில் 186 வந்தது, அதனால் 177 என்ற பழைய உச்சத்தை ஆப்பில் மாற்றிவிட்டேன். இன்று 8 கிலோமீட்டர், நடக்காமல், சராசரி 141. நண்பர் வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தார், நானும் பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.